ஜும்மா நேரத்தில் கேட்ட கைதட்டல்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதுரை தெற்குவாசல் பக்கம், முஸ்லிம் பயணிகளுக்காக நடத்தப்பட்ட ஒரு விடுதி. அங்கே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆண்கள் எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல் போனார்கள்.
2. வெளியே பூட்டு தொங்கிய ஓர் அறைக்குள்ளிருந்து யாரோ கை தட்டினார்கள்.
3. நான் பதிலுக்குத் தட்டினேன்.
4. உள்ளேயிருந்து பதில் வந்தது.
5. பிறகு தட்டல் நின்றுவிட்டது.

நர்ஸ் பயிற்சி முடித்து, ஆஸ்பத்திரி வேலையில் சேர அத்தாவுடன், அதாவது அப்பாவுடன், வந்திருந்தேன். விடுதியின் பின்கட்டு, திரைமறைவில் இருக்கும் கோஷாப் பெண்களுக்கானது. எங்கள் குரல் வேற்று ஆண்கள் காதில் விழக் கூடாதென்று, எது வேண்டுமானாலும் கையைத்தான் தட்டுவோம். அவனியாபுரத்திலிருந்து வேலைக்கு வரும் ஓர் அம்மாள் என்னவென்று வந்து கேட்பார். அன்று காலை டீக்காக நான் தட்டியபோதுகூட, “ஏந்தாயி, காக்கா வெரட்டுற மாதிரி இம்புட்டுப் பலமாவா தட்டுவாக?” என்று சிரித்தார்.

மத்தியானம் அந்த அறையில் தட்டல் கேட்டபோது அவர் கிணற்றடியில் விளக்குமாறும் கையுமாக நின்றார். நகரவில்லை.

“கூப்பிடுறாங்களே, போகலையா?”

“அந்த ரூம்ல ஆளில்ல தாயி. புருசன், பொஞ்சாதி, மாமியான்னு வந்தவுக காலையிலயே வண்டியில போயிட்டாக.”

“வண்டிக்குள்ளே எத்தனை பேர் இருந்தாங்க?”

“திரை போட்ட வண்டிக்குள்ள எட்டிப் பாக்கவா? நல்லாக் கேட்டீக!”

மறுபடி தட்டல். அவசரமே இல்லாத, மரியாதையான தட்டல். வெயில் காய்கிற முற்றத்தில், ஆண்கள் யாருமில்லாத விடுதியில், அந்த மரியாதைதான் எனக்கு அச்சமூட்டியது. கதவருகே போனேன். ஜன்னல் உள்ளே தாழிடப்பட்டிருந்தது. இரண்டு முறை தட்டினேன். கொஞ்சம் பொறுத்து, உள்ளே இரண்டு தட்டல் கேட்டது.

“பதில் குடுக்காதீக தாயி! பின்னாலயே வந்துரும்!” அவர் கிணற்றடியிலேயே ஒடுங்கி நின்றார்.

இன்னொரு முறை தட்டினேன். பதில் இல்லை. அதற்குப் பதிலாகக் கட்டில் கால் தரையில் அடிக்கிற சத்தம் வந்தது. வேகமாக, விடாமல். பிரசவ வார்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வரும்போது கேட்கிற சத்தம்.

“உலக்கையைக் கொண்டாங்க!”

“பூட்டை ஒடச்சா மேனேஜர் என்னைய வெரட்டிப்புடுவாரு!”

“நான் சொல்லிக்கிறேன். ஓடுங்க.”

இருவருமாக இடித்ததில் நாதாங்கி பெயர்ந்தது. இருட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி, வீங்கிய முகமும் நுரை தள்ளிய வாயுமாகக் கிடந்தாள். நிறைமாதம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கரண்டிக் காம்பில் துணி சுற்றிப் பல்லிடுக்கில் வைத்தேன். அந்த அம்மாள் பயத்தை எங்கோ போட்டுவிட்டு, “எம்மகளே, எம்மகளே” என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

தொழுகை முடிந்து முதலில் ஓடி வந்தவன் அவள் புருஷன். தாயை மட்டும் வண்டியில் ஊருக்கு அனுப்பியிருக்கிறான். தலைவலி என்று படுத்திருந்த மனைவி தூங்குகிறாள், வேறு யாரும் தெரியாமல் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று பூட்டிவிட்டுத் தொழப் போயிருக்கிறான். பின்னால் வந்த மேனேஜர் தாழ்வாரத்தில் முதுகைக் காட்டி நின்றார்.

“தங்கச்சி, நாங்க உள்ள வரலாமா?”

“வாங்கண்ணே. சீக்கிரம்.”

ஆண்கள் முகத்தைத் திருப்பியபடியே கட்டிலோடு அவளைத் தூக்கினார்கள். சுற்றிலும் போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை ஓடினோம்.

குழந்தை பிழைக்கவில்லை. அவள் பிழைத்தாள். நினைவு தெளிந்ததும், “நல்லவேளை, நீங்க கை தட்டினீங்க” என்றேன். அவள் குழப்பத்தோடு பார்த்து, அக்கா முறை வைத்துப் பேசினாள்.

“நானா? நான் தட்டலையே லாத்தா. தலைவலின்னு படுத்தேன். அம்புட்டுத்தான் தெரியும்.”

வலிப்பு வந்தவர்களுக்கு அதற்கு முன் நடந்ததும் மறந்துபோகும் என்று படித்திருக்கிறேன். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இப்போது அவள் ஊரில் சுகமாக இருக்கிறாள். நான் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். உயிர் போகிற நேரத்தில் அவள் எனக்குத் தந்த பதில் அவளுக்கே தெரியாமல், என்னிடம் மட்டும் இருக்கிறது.