இருபத்து நான்காவது ஜன்னல்

ஊரில் யார் செத்தாலும் காலை ஏழு மணிக்கு ஹில்மியாவுக்குத் தெரிந்துவிடும். அடுத்த அரை மணி நேரத்தில் எனக்கும் தெரிந்துவிடும், ஏனென்றால் என் பத்திரிகைக் கடைக்கு நேர் எதிரேதான் அவருடைய சுவர். மோஸ்தாரில், எங்கள் ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய சாலை ஓரத்தில், பழைய புகையிலைக் கிடங்கின் நீளச் சுவர். சாவு நோட்டீஸ் ஒட்டுவது அவர் வேலை. முஸ்லிம் என்றால் பச்சைக் கரை, எங்கள் கத்தோலிக்கர் என்றால் கறுப்புக் கரை. உள்ளே படம், பெயர், பிறந்த வருஷம், அடக்கம் எத்தனை மணிக்கு என்ற விவரம். சாலைக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் இந்தப் பக்கத்து ஆட்களும் பக்கத்துப் பக்கத்தில் சண்டை போடாமல் இருந்த இடம் என்று பார்த்தால் அந்தச் சுவர் ஒன்றுதான்.

முப்பது வருஷமாக அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். பசையைச் சுவரில் தடவுவார், தாளில் தடவ மாட்டார். தாளை வைத்து ஓரங்களை முழங்கையால் நீவுவார். படத்தின் மேல் கை படாது. பிறகு சாலையைக் கடந்து என்னிடம் வந்து காபி வாங்கிக் குடிப்பார். மழையோ வெயிலோ, கறுப்புத் தொப்பி தலையை விட்டு இறங்காது.

"இன்னிக்கு யாரு அண்ணே?"

"உங்க பக்கம் ரெண்டு. எங்க பக்கம் ஒண்ணு. நீங்க ஜெயிக்கிறீங்க, ஆங்கா."

ஆங்கா என்று என் பெயரைக் கூப்பிட்டு இதைச் சொல்லும்போதும் முகத்தில் ஒன்றும் இருக்காது. தன் உயிர் நண்பனுடைய நோட்டீஸை ஒட்டிவிட்டு வந்த அன்றைக்கும் காபியில் சர்க்கரை குறைவு என்றுதான் சொன்னார். மரக்கட்டை மனுஷன் என்று ஊரில் பேச்சு. எனக்கும் சில நாள் அவர் மேல் எரிச்சலாக வரும்.

ஆனால் அவர் கதை எனக்குத் தெரியும். மகன் சனின். மெக்கானிக் பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். தொண்ணூற்று மூன்றில், போரின்போது, வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள்; திரும்பி வரவில்லை. கூட்டிப்போனது எங்கள் ஆட்கள். இதை நானும் அவரும் ஒருநாளும் பேசியதில்லை. காபி குடித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு பள்ளத்தில் எடுத்த தொடை எலும்பு ஒன்று சனினுடையது என்று பெற்றோர் ரத்தத்தோடு ஒப்பிட்ட பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட்டால் அடக்கம் செய்யலாம். இல்லையென்றால் மிச்சம் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். ஹில்மியா கையெழுத்துப் போடவில்லை.

அவர் மனைவி ஷெஃபிகா என் கடை வாசலிலேயே அவரிடம் கேட்டாள்.

"ஊரு பிள்ளைக்கெல்லாம் ஒட்டுறீங்க. நம்ம பிள்ளைக்கு மட்டும் கை வரலியா?"

"ஒத்த எலும்ப எப்படிடி பொதைக்கிறது? மிச்சப் பிள்ள எங்கன்னு மண்ணு கேக்காதா?"

"மண்ணு கேக்காது. நான்தான் கேக்குறேன். எனக்கு எழுபத்திரண்டு வயசு. போய் உக்கார ஒரு கல்லு வேணும், அவ்ளோதான்."

அவர் காசை வைத்துவிட்டுப் போய்விட்டார். குளிர்காலம் முழுக்க இதே பேச்சுதான். அவள் கேட்பாள், அவர் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பார். அவள் இருமலும் கூடிக்கொண்டே போனது.

வசந்தத்தில் நகராட்சிக்காரர்கள் அவருடைய சுவரைப் பிடுங்கிக்கொண்டார்கள். சமாதானத்துக்காகப் பிள்ளைகள் ஓவியம் வரையப் போகிறார்களாம். நோட்டீஸ் ஒட்ட மூலையில் ஒரு தகரப் பலகை கொடுத்தார்கள். ஹில்மியாவே முப்பது வருஷத்துப் பசைத் தாளைச் சுரண்டிக் கொடுத்தார்.

சொல்லிக் கொடுக்க ஒரு டச்சுக்காரப் பெண் வந்தாள். நல்லவள், பாவம். எங்கள் பள்ளியிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள், அந்தப் பக்கத்துப் பள்ளியிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள். சுவர் முழுக்க ஒரே பெரிய வீடு, இருபத்து நான்கு ஜன்னல்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஜன்னலில் தன் முகத்தை வரைந்து, கீழே பெயரும் பிறந்த வருஷமும் எழுத வேண்டும். ஜன்னல் சட்டத்துக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எட்டு டப்பா பெயிண்டைத் திறந்து வைத்தாள்.

யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பச்சையை எடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் கறுப்பை எடுத்தார்கள். தினமும் அந்தச் சுவரைக் கடந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள்தானே, முகத்துக்குச் சட்டம் என்றால் அப்படித்தான் என்று கை பழகிப்போயிருக்கிறது. மூன்று நாள் எதிரே உட்கார்ந்து பார்த்த எனக்கும் உறைக்கவில்லை. வாத்தியார்களுக்கும் உறைக்கவில்லை. ரொம்ப அழகு என்று கை தட்டினோம். கடைசியில் ஒரு பையனை மட்டும் அவன் அப்பா அனுப்ப மறுத்துவிட்டார். அவனுக்காகக் கூடப் படிக்கிறவர்கள் முன்கூட்டியே போட்டு வைத்த பச்சைச் சட்டம் காலியாக நின்றது. அதுதான் இருபத்து நான்காவது.

வியாழக்கிழமை காலை லூட்சா கிழவி பத்திரிகை வாங்க வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல யார் செத்தார் என்று சுவரைப் பார்த்தாள். கறுப்புக் கரைக்குள் பேரன் முகம். கீழே 'தோமா, 2013'.

அவள் போட்ட அலறலில் பஸ்ஸே நின்றுவிட்டது. மாரில் அடித்துக்கொண்டு நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். ஹில்மியா மூலைப் பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தார். அதற்குள் தோமாவே வந்துவிட்டான், கையில் பாதி தின்ற புரேக் ரொட்டி.

"பாட்டி, என்ன ஆச்சு?"

கிழவி அவனை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு பளாரென்று ஒன்று வைத்தாள். "உசிரோட இருந்துக்கிட்டு என்னடா சாவு நோட்டீஸ்ல நிக்கிற, கடங்காரா!"

நாங்கள் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்ய? அப்புறம்தான் எல்லாரும் சுவரை ஒழுங்காகப் பார்த்தோம். இருபத்து மூன்று பிள்ளைகளும் சாவு நோட்டீஸில் நின்றார்கள். மத்தியானத்துக்குள் தாய்மார்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். சனிக்கிழமை எல்லாச் சட்டத்தையும் மஞ்சளாக்கிவிடுவது என்று முடிவாயிற்று. டச்சுக்காரப் பெண் அழுதாள். அவளுக்கு நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

ஹில்மியா அன்றைக்குக் காபியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"லூட்சா எவ்ளோ நேரம் பயந்தா, ஆங்கா?"

"ஒரு நிமிஷம் இருக்கும் அண்ணே."

"குடுத்து வச்சவ. பையன் நடந்து வந்துட்டான்." காபி ஆறிப்போயிருந்தது. "நான் பலகைகிட்ட நின்னு ரோட்டையே பார்த்தேன். தோமாவுக்குப் பின்னால இன்னும் யாராவது வர்றாங்களான்னு. முப்பது வருஷமா அதையேதான் பார்த்துக்கிட்டிருக்கேன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

குடிக்காத கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அவர் போனார். வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டுவிட்டதாக ஷெஃபிகா வந்து சொன்னாள். அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஒரு கல்லின் விலையை விசாரிக்கப் போகிறேன் என்றாள்.

சனிக்கிழமை பிள்ளைகள் மஞ்சள் டப்பாவோடு வந்து வேலையை ஆரம்பித்தார்கள். ஒன்பது மணிக்கு ஹில்மியா வந்தார். கையில் ஒரே ஒரு தாள். மூலைப் பலகைக்குப் போகாமல் காலி ஜன்னலுக்கு எதிரே நின்றார். அங்கே ஒட்டக்கூடாது என்று விதி. வாத்தியார் தள்ளி நின்று வழிவிட்டார்.

சுவரில் பசை தடவினார். தாளை வைத்தார். ஓரங்களை முழங்கையால் நீவினார். பிறகு உள்ளங்கையால் படத்தின் மேலேயும் ஒருமுறை நீவினார். பள்ளி அடையாள அட்டையில் இருந்த சனின் படம், பதினெட்டு வயது முகம். இரண்டு பக்கமும் பிள்ளைகளின் முகங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அவனும் அவர்களில் ஒருத்தன்.

நிகா என்கிற பெண் மஞ்சள் பிரஷோடு பக்கத்தில் வந்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளை, பதினோரு வயது. நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படத்தைப் பார்த்தாள். வருஷத்தை மறுபடி பார்த்தாள்.

"மாமா, எங்கப்பாவும் எழுபத்தஞ்சுலதான் பொறந்தாரு."

எழுபத்தைந்தில் பிறந்த எங்கள் பக்கத்து ஆள் தொண்ணூற்று மூன்றில் கையில் என்ன வைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று எனக்கும் தெரியும், ஹில்மியாவுக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

"ஆனா எங்கப்பாவுக்கு வழுக்கை," என்றாள்.

ஹில்மியா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார். முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் தலையைப் பார்த்தேன். ஒரு முடி கிடையாது. அவள் பார்க்கட்டும் என்று குனிந்து காட்டினார்.

"எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் வழுக்கைதாம்மா," என்றார். "இவனுக்கும் இந்நேரம் கொட்டியிருக்கும்."

சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. நிகா பிரஷால் பச்சைச் சட்டத்தைக் காட்டினாள்.

"மாமா, இத மஞ்சளாக்கணுமா?"

"வேணாம்மா," என்றார். "இது சரியாத்தான் இருக்கு."