சர்டிபிகேட் வயது

சென்ற ஆண்டு கார்த்திகை மழையில், பாகூரை அடுத்த எங்கள் நிலத்தில் நடந்தது இது. மோட்டார் கொட்டகையின் தகரம் காற்றில் சரிந்து என் வலது தொடையைக் கிழித்துவிட்டது. உள்ளே தசையும் அறுந்திருந்ததால், முழு மயக்கம் கொடுத்துத்தான் தைக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வயதைக் கேட்டார். அறுபத்தெட்டு என்றேன்.

"சர்டிபிகேட் வயசா, நெஜ வயசா? மருந்து அளவு பாக்கணும் சார்."

"நெஜம்தான்" என்றேன்.

பொய். பத்து வயதில்தான் என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒன்றாம் வகுப்புக்குப் பொருந்தட்டும் என்று வாத்தியார் ஐந்து என்று எழுதிவிட்டார். அந்தச் சலுகையில் ஐந்து வருடம் கூடுதலாக வேலை பார்த்து, கணக்கு ஆசிரியராக ஓய்வு பெற்றவன் நான். அறுபத்தெட்டு என்று சொல்லிக்கொள்வதில் ஒரு மிடுக்கு இருந்தது.

மயக்கம் தெளிய வெகு நேரமாயிற்றாம். வெளியே என் மனைவி அழுதேவிட்டாளாம். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பிறகு பிசியோதெரபி. சொல்லிக்கொடுத்தது ஓர் இளம்பெண். ஆறு வாரமாகியும் காலைத் தூக்க முடியவில்லை. பெரிய டாக்டர் என் சீட்டைப் பார்த்துவிட்டு என் எதிரிலேயே அவளைக் கடிந்துகொண்டார்.

"இந்த வயசுக்கு இந்நேரம் நடந்திருக்கணும். இன்னாமா எக்சர்சைஸ் குடுக்கற நீ? வேற ஆளப் போடட்டுமா?"

அவள் தலைகுனிந்து நின்றாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள், "எம்மேலதான் தப்பு போல சார். முதல்ல இருந்து செய்யலாம்" என்று என் காலைப் பிடித்தாள். அதற்குமேல் தாங்கவில்லை.

"அம்மா, எனக்கு எழுபத்து மூணு."

சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா சார் நீங்க. வயசாக ஆகத் தசை சேர நாளாகும். அறுபத்தெட்டுக்கு நீங்க ஃபெயிலு. எழுபத்து மூணுக்கு நல்லாவே பாஸு."

அவளையும் அழைத்துக்கொண்டு, கோலூன்றி நொண்டியபடியே பெரிய டாக்டரிடம் போய் நானே சொன்னேன். அவர் அவளிடம் வருத்தம் தெரிவித்தார். கூட வந்திருந்த என் மனைவி, "இப்பவாச்சும் வாயத் தொறந்தீங்களே" என்றாள். வரிசையில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதுச் சீட்டில் நிஜ வயது ஏறியது. பயிற்சி நிதானமானது. தமிழ்ப் புத்தாண்டன்று கோலில்லாமல் மோட்டார் கொட்டகைவரை நடந்து போய் நானே மோட்டார் போட்டேன்.

இப்போது யார் கேட்டாலும் எழுபத்து நான்கு என்று உரக்கவே சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம், எனக்காக ஒரு பெண் தலைகுனிந்து நின்றது நினைவுக்கு வந்து, குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது.