கிள்ளான் வீட்டில் வைத்த படையல்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பேய்க் கதை சொல்கிறவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இருபது வருடமாக மலேசியா முழுக்க லோரி ஓட்டுகிறேன், எந்தச் செம்பனைக் காட்டிலும் ஒரு மண்ணையும் பார்த்ததில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தபோது அம்மா பக்கத்தில் இல்லை, ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தார். அதையே சொல்லிச் சொல்லி அழுவார். அப்புறம்தான் கிள்ளானில் இந்தப் பழைய வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். துக்க வருடம் கழிந்த முதல் தீபாவளி. முதல் நாள் சாயங்காலம் அப்பாவுக்கு இலை போட்டோம், சோறு, மட்டன் பெரட்டல், முட்டை, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர்.

"அவரு வந்து சாப்பிட்டாத்தான்டா என் மனசு ஆறும்" என்றார் அம்மா.

அவர் சாப்பிடட்டும் என்று ஜன்னலெல்லாம் சாத்தி, கதவைப் பூட்டிவிட்டு இருவரும் வெளியே நின்றோம். பக்கத்து வீட்டு ஆன்டி வேலியோரமாக என்னை மட்டும் கூப்பிட்டார்.

"தம்பி, வீட்டுக்காரப் பெரியவருக்கு மொதல்ல ஒரு இலை போட்டீங்களா?"

"எந்தப் பெரியவரு ஆன்டி?"

"இந்த வீட்டக் கட்டினவரு லா. தொண்டையில கட்டி, முழுங்க முடியாது. மகன் பின் ரூம்ல போட்டுப் பூட்டிட்டான். சோத்த மென்னு சாற உறிஞ்சிட்டு, தட்டு ஓரமா துப்பி வைப்பாரு. அந்த ரூம்லயேதான் போய்ச் சேந்தாரு."

த்தூ, பெற்ற அப்பனை இப்படியா என்று எனக்கு அந்த மகன் மேல்தான் ஆத்திரம் வந்தது.

மூன்று தடவை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தோம். இலையின் நடுவில் ஒன்றும் இல்லை. ஓரம் முழுக்க மென்று துப்பிய கறி, சாறு போய் வெளுத்து, நார் நாராக, எச்சில் நூல் இழுத்துக்கொண்டு. அறை முழுக்கப் புளித்த வாய் நாற்றம். எலி என்பீர்கள். எலி மென்று உருட்டி வரிசையாக வைக்குமா?

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "வந்துட்டாருடா! அப்பா சாப்பிட்டுட்டாரு!"

அத்தனை மாதத்தில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆன்டி சொன்னதைச் சொல்லித் தடுத்திருக்க வேண்டும், அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. அடுத்ததை என்னிடம் நீட்டினார்.

"ஆ காட்டுடா. அப்பா மிச்சம் வச்சது."

காட்டினேன், விழுங்கவும் செய்தேன். நம்பினால் நம்புங்கள், மதியமே சமைத்து ஆறிப்போன கறி அது, என் நாக்கில் பட்டபோது இன்னொரு வாயின் சூடு அதில் இருந்தது.

அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த மாதம் தீபாவளி. இந்தத் தடவை கறியைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கச் சொல்கிறார்.