லேடீஸ் சீட்டில் வந்த ரோஸி

குதிரை லாயத்து வேலை என்பது பாதி நாள் குதிரையை நாம் தேய்ப்பது, மீதி நாள் குதிரை நம்மைத் தேய்ப்பது. முதலாளிக்கும் மேனேஜருக்கும் நடுவில் தேய்ந்துகொண்டிருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெங்களூரு ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு லாயத்தில் நான் சைஸ், அதாவது குதிரையைப் பார்த்துக்கொள்கிறவன். என் கைக்கு முதலில் வந்தவள் ரோஸி, மூன்று வயதுப் பெண் குதிரை. இது அவள் இருந்த நாட்களின் கதை.

தைலம்

நான் சேர்ந்த புதிது. ரோஸி பருவத்தில் இருந்தாள். பக்கத்துக் கொட்டடி ஆண் குதிரைகள் அவள் வாசனை பிடித்து, தீவனத்தைத் தொடாமல் கதவை உதைத்துக்கொண்டிருந்தன. ஆனேக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடும் எங்கள் தலைமை சைஸ், ஜமேதார் முனியப்பா, ஜலதோஷத் தைல டப்பாவை என்னிடம் கொடுத்து, "மூக்குல நல்லா பூசிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் மூக்கில் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் குரல் அவ்வளவு சீக்கிரம் எழும்பாது. சிரத்தையாக ரோஸியின் மூக்கில் பூசினேன். என் சட்டை நனையத் தும்மித் தீர்த்தாள்.

திரும்பி வந்த ஜமேதார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டா சேவி, வண்டு மூக்கை அடைடான்னா, போய் பூ மூக்கை அடைச்சு வெச்சிருக்கே!"

நிபந்தனை

பெண் குதிரைகள் மட்டும் ஓடும் பெரிய பந்தயம் ஒன்று உண்டு. ரோஸியை அதில் விட்டால் போதும் என்றார் ஓனர். ஆண் குதிரைகளோடு பெரிய பந்தயத்தில் ஓடட்டும் என்று ட்ரெய்னர் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் ஓனர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: தோற்றால் ரோஸி மறுவாரமே குட்டி போட ஃபார்முக்குப் போய்விடுவாள்.

சாயங்காலம் உடம்பு தேய்த்துவிடும்போது, கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்த என் தாத்தா சொன்ன கதைகளை அவளுக்குச் சொல்வது என் வழக்கம். ஒரு காதை என் பக்கம் திருப்பிக்கொண்டே நிற்பாள். அன்றும் சொன்னேன், குரல்தான் உடைந்தது.

ஜமேதார் எட்டிப் பார்த்தார். "கதை சொல்றதெல்லாம் சரி, ஓடணும்னு சொன்னியா?"

ஒன்றரைக் கிலோ

ஆண் குதிரைகளோடு ஓடும் பெண் குதிரைக்கு, முதுகில் சுமக்கும் எடையில் ஒன்றரைக் கிலோ சலுகை. ரோஸிக்கு அது கிடைக்கப்போவது தெரிந்ததிலிருந்து, சுல்தான் என்கிற ஆண் குதிரையின் சைஸ் ரஃபீக் பாய் என்னை விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில், டீக்கடையில், எங்கே பார்த்தாலும் சிரிப்புதான். அந்தப் பந்தயத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் சொன்னது சுல்தானைத்தான்.

பந்தயத்தன்று இரண்டு குதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நடத்திக்கொண்டு போனோம். சுல்தான் மூக்கில் தைலம் பளபளத்தது. ரஃபீக் பாய் என் பக்கம் குனிந்தார். "அரே சேவியர், பொண்ணுக்கு லேடீஸ் சீட் கிடைச்சிடுச்சு, பத்திரமா உக்காரச் சொல்லு!"

கழுத்து நீளம்

கடைசி வளைவு வரைக்கும் ரோஸி ஐந்தாவது. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் கத்துகிற இடத்தில், வழக்கம்போல மெல்ல "வாடி, வாடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? ஆனால் வந்தாள். சுல்தானைக் கழுத்து நீளத்தில் தாண்டினாள்.

ஜெயித்த குதிரையைச் சைஸ்தான் பிடித்து உள்ளே கூட்டி வர வேண்டும். உண்மையில் அன்று அவள்தான் என்னைக் கூட்டி வந்தாள். வியர்த்த சுல்தானோடு எதிரே வந்த ரஃபீக் பாய் நின்று, அவள் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். "யா அல்லா! லேடீஸ் சீட்ல ஏறினவ டிரைவர் சீட்டைப் புடிச்சிட்டாளே!"

குதிரை லாரி

இனி அவள் எங்கும் போகமாட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். சீசன் முடிந்த மறுநாள் காலை குதிரை லாரி வந்து நின்றது. ஃபார்முக்கு என்றார்கள். தோற்றால்தானே அனுப்புவதாகச் சொன்னார்கள் என்று ஜமேதாரிடம் கேட்டேன். வாழ்க்கையிலேயே அன்றுதான் சத்தமாகப் பேசினேன்.

ரோஸி ஏறும்போது, ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பினாள். ஜமேதார் லாரிக் கதவைச் சாத்தினார். "ஆம்பளைங்களை ஜெயிச்சவ வயித்துலதான்டா எல்லாரும் குட்டி கேக்குறாங்க."

இப்போது என் கையில் இருப்பது ஒரு ஆண் குதிரை. அவன் மூக்கில் தைலம் பூசும்போதெல்லாம் தண்ணீர் வருவது என்னவோ என் கண்ணில்தான், கேட்பவர்களிடம் தைலம் காரம் என்று சொல்லிவிடுகிறேன்.