மகளுக்கென்று கேட்டு வாங்கிய மூன்று புத்தகங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் தர்ஷினி வந்து நின்றாள். மஹய்யாவயில் இருக்கும் சரோஜா அக்காவின் ஒரே மகள். பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி. இரவு டியூட்டி முடிந்து நேராக என் வீட்டுக்கே வந்திருக்கிறாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஆன்ட்டி, அம்மாவுக்கு என்ன புத்தகம் குடுத்தீங்க?"

"அம்மாவுக்கா? உனக்குத்தானே குடுத்தேன்."

"எனக்கா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே பருப்பு பொங்கி அடுப்பை அணைத்தது.

உங்களுக்குத்தான் தெரியுமே... பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. பஸ்ஸில், மார்க்கெட்டில், கல்யாண வீட்டில் — யாராவது நிறுத்தி, "வாசிக்க நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். நானும் சொல்வேன். தூக்கம் வராதவருக்குச் சரித்திர நாவல். காதலில் தோற்றவருக்குக் கொலைக் கதை. கோபக்காரருக்குக் கவிதை. டாக்டர் மருந்து எழுதுவதைப் போலத்தான். குணமானதா என்று எந்த டாக்டர் வீடு தேடிப் போய்க் கேட்கிறார்?

சரோஜா அக்கா கேட்டது அப்படிப் பொதுவாக அல்ல. மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. தர்ஷினிக்கு இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை சரிவந்த கிழமையில் என்னிடம் வந்தார்.

"யாரையோ பெத்த அம்மாமாரைப் பாக்கப் போறாளாம், தங்கச்சி. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. வாசிச்சா மனசு மாறுற மாதிரி ஒரு புத்தகம் குடுங்க. மேசையில வச்சா எடுத்துப் பாப்பா."

அலுமாரியைத் திறந்தேன். வெளிநாடு போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் நாவல் — அதுதான் சரியான மருந்து. ஒரு புத்தகத்தை மட்டும் கொடுத்தால் மகளுக்குச் சந்தேகம் வருமே என்று, தனியாக ரயிலில் ஊர் சுற்றிய ஒரு பெண்ணின் பயண நூலையும் வைத்தேன். பை கொஞ்சம் காலியாகத் தெரிந்ததால் ஒரு துப்பறியும் கதையையும் போட்டேன். அவ்வளவுதான் என் பங்கு.

இதையெல்லாம் தர்ஷினியிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி?

"என்னைப் போக விடாம வைக்கவா கேட்டாங்க?"

"ஆமா."

"அப்போ ஏன் ஆன்ட்டி இப்போ போ, போன்னு நிக்கிறாங்க? நேத்து புது சூட்கேஸ் வாங்கி வச்சிருக்காங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. நான் அந்தப் புத்தகங்களத் தொடவே இல்ல."

எனக்குத் தலை சுற்றியது. போக வேண்டாம் என்று சொல்ல வாங்கிய புத்தகம் போ என்று சொல்லியிருக்கிறது. போக ஆசைப்பட்டவளோ, போகச் சொன்னதும் கலங்குகிறாள். இதில் நான் யார் பக்கம்? வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு அவளோடு ஆட்டோவில் ஏறினேன்.

சரோஜா அக்கா எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டார். பிளேன்டீ ஊற்றினார். மூன்று புத்தகங்களும் மேசையில்தான் இருந்தன.

"நாவல வாசிச்சீங்களா அக்கா?" மெதுவாக ஆரம்பித்தேன்.

"பாதியில வச்சிட்டேன். அந்தம்மா எந்நேரமும் ஜன்னலையே பாத்துக்கிட்டு நிக்குது. வீட்டுல ஒரு வேலையும் இல்லையா அதுக்கு?"

சரி, அது இல்லை. "அப்போ அந்த ரயில் புத்தகமா?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தங்கச்சி, அது எதுவும் இல்ல."

துப்பறியும் கதையைக் கையில் எடுத்தார். மேலட்டையைத் துடைத்தார், தூசி இல்லாவிட்டாலும்.

"இதுல ஒரு பொண்ணு காணாமப் போயிருது. யாரோ எங்கயோ பூட்டி வச்சிருக்காங்கன்னு ஊரே தேடுது. பொலிசும் தேடுது. நான் பாதியிலயே கண்டுபிடிச்சிட்டேன்."

"யாரு?"

"அம்மாதான். வீட்டு மாடி அறையில வச்சு, வேளாவேளைக்குச் சோறு குடுத்து... பாசமாத்தான் பூட்டி வச்சிருக்கு." புத்தகத்தைத் திரும்ப மேசையில் வைத்தார். "கண்டுபிடிச்சதும் மூடி வச்சிட்டேன். ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகல."

தர்ஷினி சுவரில் சாய்ந்து நின்றாள். "அப்போ நான் இல்லாம இருந்திருவீங்களா?"

"அது எனக்கென்ன தெரியும்? இருந்துதான் பாக்கணும்."

"காய்ச்சல் வந்தா?"

"பக்கத்து வீட்டுல சொல்லுவேன். உனக்கும் சொல்லுவேன். நீ தாதிதானே, ஃபோன்ல மருந்து சொல்லு."

தர்ஷினி சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குப் புரியவில்லை. அக்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டதால் பார்க்கவும் முடியவில்லை. அக்கா மகளின் கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தார். நான் ஆறிப்போன தேநீரைக் குடித்தேன். அங்கே எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

புதன்கிழமை தர்ஷினி ஃபோன் செய்தாள். வேலைக்குச் சம்மதம் என்று அனுப்பிவிட்டாளாம். இரண்டு வருடம் மட்டும் என்று அம்மாவிடம் சொன்னாளாம். "வருஷத்தை இப்பவே எண்ணாத" என்றாராம் அம்மா.

ஆக, நான் சிபாரிசு செய்த நாவல் தோற்றது. பையை நிரப்பப் போட்டது ஒரு வீட்டையே புரட்டிப்போட்டது. அதுவும், யாருக்காகக் கொடுத்தேனோ அவள் ஒரு பக்கம்கூட வாசிக்காமலே. இதை வெற்றி என்று சொல்வதா, பிழை என்று சொல்வதா? இவ்வளவு காலமாகப் புத்தகம் சொல்லி வருகிறேன்... யார் எதை எங்கே திறந்து யாரைக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் தெரிந்திருக்கிறது.

நேற்றுச் சரோஜா அக்காவே கூப்பிட்டார். "இன்னொரு துப்பறியும் கதை இருந்தா எடுத்து வைங்க, தங்கச்சி. அம்மா வராத கதையாப் பாத்து."

அலுமாரியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒன்று இன்னும் கிடைத்தபாடில்லை.