பாதித் தெருவைக் கழித்தவன்

சேலையூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். ஒரு பக்கம் மட்டுமே வீடுகள் உள்ள தெரு. கதவு எண் இருபத்துமூன்று. முதல் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவது விவரமில்லாதவர்கள் வேலை. நானோ மென்பொருள் நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு நடத்துகிறவன். நேராகத் தெருவின் நடுவுக்கு வண்டியை விட்டேன். முப்பத்தொன்று இருந்தது. அப்படியென்றால் பின்பாதித் தெருவே எனக்குத் தேவையில்லை. திரும்பி வந்து முன்பாதியின் நடுவில் பார்த்தேன், பதினாறு. இப்படிப் பாதி பாதியாகக் கழித்து இருபத்திரண்டைப் பிடித்துவிட்டேன். அதை ஒட்டி இருந்தது இருபத்துநான்கு.

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "சார், உங்க தெருவுல இருபத்துமூணாம் நம்பரே இல்ல" என்று அடித்துச் சொன்னேன்.

"நான் வாசல்லதான் சார் நிக்கிறேன்" என்றார் அவர்.

பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார். "வூடு கட்ன வரிசைல நம்பர் போட்டாங்க சார். எல்லாரும் ரோட்டுப் பக்கத்துலேர்ந்து கட்டிகினு வந்தாங்க. அவரு மட்டும் அந்தக் கடைசில போய் முன்னாடியே கட்டிட்டாரு. அங்கதான் கீது."

நான் கழித்துவிட்ட பின்பாதியில்.

அந்த வாரம்தான் வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், இதே பாதி பாதியாகத் தேடும் முறைக்கு நிரல் எழுதச் சொல்லியிருந்தேன். எழுதுவதற்கு முன் அவள் கேட்டாள்: "லிஸ்ட் முழுசா வரிசையாதான் இருக்கும்னு நம்பலாமா சார்?"

அவளை நிராகரித்தேன். காரணத்தையும் என் கையாலேயே எழுதினேன்: "தேவையில்லாத கேள்வி கேட்கிறார்."