இரும்பு பட்ட காடு

எங்கள் வைரவருக்கு இரும்பு ஆகாது. மற்ற ஊர்களில் வைரவர்கள் எல்லாரும் பளபளக்கும் சூலத்தோடு நிற்க, எங்கள் ஆள் மட்டும் பனைமரச் சிலாகையில் செதுக்கிய சூலத்தோடு ஒரு பாலைமரத்தின் கீழே கல்லாக இருந்தார். அவருடைய காட்டுக்குள் கத்தி, கோடரி எதுவும் போகக்கூடாது. விறகுக்குப் போகும் பெண்கள் காய்ந்த கொப்பைக் கையால் முறிப்பார்கள். எட்டாததைக் கத்தி கட்டாத வெறுங் கொக்கைத்தடியால் இழுப்பார்கள். மீறினால் வைரவர் பிடிப்பார். இதுதான் ஊர்ச் சட்டம். இதைக் காப்பாற்றப் பொலிசும் நீதவானும் தேவைப்படவில்லை.

காடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மண்கும்பான் கடற்கரையோரம், மணற்கும்பிகளின் மேல் வேம்பும் பாலையும் விடத்தலும் தாழையும் நெருங்கி நின்ற ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். ஆனால் வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக்காற்று கிளம்பினால் கடற்கரை மணல் முழுவதும் ஊரைப் பார்த்துப் புறப்பட்டுவிடும். அதைத் தடுக்க அந்தத் துண்டுக் காட்டை விட்டால் எங்களுக்கு வேறு நாதியில்லை. காட்டுக்கு அடுத்த காணி எங்களுடையது. மாரியில் புகையிலையும் கோடையில் வெங்காயமும் போடும் தோட்டமும், ஒரு நல்லதண்ணீர்க் கிணறும் அதில் இருந்தன. என்னைப் பெற்ற ஐயாவுக்கு உலகத்தில் வேறு சொத்துக் கிடையாது.

நான் சின்னப்பிள்ளையாக இருந்த அந்தக் காலத்தில் சுண்ணாம்புச் சூளைக்காரர்களின் மாட்டுவண்டிகள் வெளியிலிருந்து வரத் தொடங்கின. கல்லைச் சுட்டு நீறாக்க விறகு வேண்டும். வந்தவர்கள் எங்கள் கண்முன்னாலேயே கோடரியோடு காட்டுக்குள் நுழைந்தார்கள். ஊர் கூடி ஏசியபோது ஒரு வண்டிக்காரன் சிரித்தான்.

“உங்கடை வைரவர் உங்களைத்தான் பிடிப்பார். எங்களைப் பிடிக்க அவருக்கு ஏலாது.”

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவர்களில் ஒருவனுக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட வரவில்லை.

ஐயா வள்ளம் ஏறிப் பட்டினம் போனார். அரசாங்கக் கச்சேரி வாசலில் காத்துக் கிடந்தார். திரும்பத் திரும்பப் போய், கடைசியில் ஓர் ஏற்பாட்டோடு வந்தார். காடு அரசாங்கத்துக்கு, காவல் ஊருக்கு. காய்ந்த விறகை ஊர் எடுக்கலாம். பச்சை மரத்தில் எவர் கைவைத்தாலும் வழக்கு. ஊர்ப்பக்கத்துப் பொறுப்பாளர் ஐயா. சாமியும் அரசாங்கமும் சேர்ந்து காவல் நின்றால் இனி எவன் வருவான் என்று ஊரே மகிழ்ந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள்.

பிறகு காட்டுக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு பெரிய மரத்திலும் அரசாங்க முத்திரை இருந்தால்தான் களவுபோன மரத்தைச் சூளை வாசலில் வைத்துக்கூடப் பிடிக்கலாம் என்றார். அதற்காக ஒரு கைக்கோடரியும், நுனியில் அரசமுடி பொறித்த ஒரு சுத்தியலும் கொண்டுவந்திருந்தார். பட்டையைக் கையகலம் சீவி, அந்த வெள்ளையில் சுத்தியலால் ஓங்கி அறைவார். மரத்தில் சின்னதாக ஒரு கிரீடம் விழும்.

ஐயாவுக்கு இரும்பின் சங்கதி தெரியாதா? முதல்நாளே வைரவருக்கு வடைமாலை சாத்திக் கற்பூரம் கொளுத்தி, காவலுக்குத்தானே, பொறுத்துக்கொள்ளும் என்று மன்றாடியிருந்தார். பிறகு தானே முன்னால் நடந்து மரம் மரமாகக் காட்டிக் கொடுத்தார். மரங்களுக்குக் காது குத்துகிறார்கள் என்று நினைத்து நான் பின்னால் துள்ளிக்கொண்டு போனேன். ஊர்ச்சனம் வேலிக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வைரவரின் பாலைமரத்திலும் சுத்தியல் விழுந்தபோது ஐயாவின் அக்கா, என் மாமி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“இரும்பு பட்ட காட்டுக்கை வைரவர் இருப்பாரோ? அவர் எழும்பிப் போயிட்டார்” என்றார் மாமி.

அந்தக் கிழமையே மாமி கத்தியோடு காட்டுக்குள் போய் ஒரு பச்சைக் கொப்பை வெட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. வைரவர் போனது நிச்சயமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஊரைக் கேட்க வேண்டுமா? அத்தனை தலைமுறை அடக்கி வைத்திருந்த ஆசை எல்லாம் கோடரியாக வந்தது. ஐயா வழியில் நின்று மறித்தார், கையெடுத்துக் கும்பிட்டார்.

“இது இப்ப வெள்ளைக்காரன்ரை காடு, தம்பி. அவன் வந்து காக்கட்டும்” என்று மாமி ஐயாவை விலக்கிக்கொண்டு போனார்.

ஐயா மறுபடி பட்டினம் போனார். உத்தியோகத்தர் கதிரை கொடுத்து இருத்தினாராம்.

“ஆர் வெட்டினது எண்டு பேரைச் சொல்லும். நாளைக்கே வழக்குப் போடுவம்.”

சொல்வதென்றால் முதற்பேர் கூடப்பிறந்த அக்காவுடையது. இரண்டாவது பேர் அம்மாவின் தம்பியுடையது. ஐயா தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டு, வந்த வள்ளத்திலேயே திரும்பி வந்தார். சூளைக்காரர்களின் வண்டிகளும் திரும்பி வந்தன. இந்தமுறை களவு இல்லை. எங்கள் சனங்களே வெட்டி ஏற்றிக் கொடுத்தார்கள்.

சோளகம் பிறந்தது. மணல் முதலில் வெங்காயப் பாத்திகளின் ஓரத்தில் மெல்லிசாகப் படிந்தது. பிறகு பாத்திகளைக் காணவில்லை. ஐயா விடியமுன்னமே எழும்பிக் கிணற்றைச் சுற்றி ஓலை மறைப்புக் கட்டுவார். பின்னேரம் மறைப்பையே மணல் மூடிவிடும். வாளியில் பாதி தண்ணீர், பாதி மணல். எனக்கு அது பெரிய விளையாட்டு. வாசலிலேயே கடற்கரை வந்துவிட்டதென்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அம்மா மட்டும் புளியங்கூடலில் இருக்கும் தன் தாய்வீட்டைப் பற்றி அடிக்கடி பேசத் தொடங்கினார்.

கடைசியாக நின்றது வைரவரின் பாலைமரம். அதையும் ஒருநாள் விழுத்தினார்கள். அன்று மத்தியானம் அம்மா ஒரு பாலைக்குற்றியை இழுத்துக்கொண்டு வந்து குசினிக்குள் போட்டார். ஐயா வந்து பார்த்தார்.

“ஊர் முழுக்க எரிக்குது. நாங்கள் மட்டும் பச்சைத்தண்ணி குடிச்சு ஆருக்குக் காட்டுறது?” என்றார் அம்மா. சொல்லிவிட்டு அழுதார்.

ஐயா அடுப்படியில் குந்தினார். குற்றியின் ஒரு முனை எரிந்துகொண்டிருந்தது. மறுமுனையில், சீவிய வெள்ளையில், அந்தச் சின்னக் கிரீடம் அப்படியே இருந்தது. எனக்கு ஒரே சந்தோசம்.

“ஐயா, ஐயா, உங்கடை முத்திரை!”

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு குற்றியைத் திருப்பி, முத்திரைப் பக்கத்தை நெருப்புக்குள் தள்ளினார். அது பற்றவில்லை. குனிந்து ஊதினார். புகையில் கண்ணெல்லாம் தண்ணீர் வழிய, கிரீடம் கறுத்து மறையும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.

உலையில் சோறு வெந்துகொண்டிருந்தது. ஐயாவுக்கு அவ்வளவு பசி என்றுதான் நான் நினைத்தேன்.